இறங்குபாறை வரை ஒரு டம்ளர் தண்ணீர்

ஆகஸ்டு 3, ஞாயிறு

மழை 4 மி.மீ.

இன்று முதல் வண்டிக்குத் தனி நோட்டு. இதுவரை மழை, காப்பி, வண்டி, ஆட்கள் வந்தது போனது எல்லாம் ஒரே டைரியில் கூட்டாஞ்சோறாகக் கிடந்தன. மின்வாரியத்தில் மீட்டர் சோதனைப் பிரிவில் முப்பத்துநாலு வருடம் இருந்தவன் நான். எதையும் அளந்து எழுதி வைக்காவிட்டால் அன்றைக்குச் சாப்பிட்டது செரிக்காது.

விஷயம் இதுதான். ஜனவரியில் வாங்கிய பிக்கப், பேஸ் மாடல். நாலு சக்கரமும் இழுக்கும். அதற்குமேல் அதில் ஒன்றும் கிடையாது. கண்ணாடியைக்கூடக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். அதே கம்பெனியின் டாப் எண்ட், காடுமலைக்கென்றே செய்தது, இப்போது மதுரை ஷோரூமில் வந்து நிற்கிறது. இருக்கிற வண்டியையே செலவு செய்து தேற்றுவதா, இதைத் தள்ளிவிட்டு அதை வாங்குவதா? டிசம்பரில் காப்பி பறிப்பு தொடங்குவதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

காரணம் அமலியின் முதுகு. ஏப்ரல் 19 அன்று தோட்டத்துப் பாதையில் வண்டி தூக்கிப் போட்டதில் என் மனைவிக்கு முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கிவிட்டது. அன்றிலிருந்து வத்தலகுண்டில் தங்கை ஜெயராணி வீட்டில் இருக்கிறாள். இடுப்பில் பெல்ட். அக்டோபரில் பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "அக்கா இனிமே மலைக்கு வராது மச்சான்" என்கிறாள் ஜெயராணி. அமலி வாயால் அப்படிச் சொல்லவில்லை. வண்டி சரியாகிவிட்டால் வருவாள். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

ஆகஸ்டு 5, செவ்வாய்

மழை இல்லை.

வாரியத்தில் விபத்து நடந்தால் அறிக்கை எழுதுவோம். ஏப்ரல் சம்பவத்துக்கு இதுவரை எழுதவில்லை.

தாண்டிக்குடி ரோட்டிலிருந்து பிரிந்து எங்கள் தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர் மண்பாதை. மூன்றாவது கிலோமீட்டரில் பாதைக்குக் குறுக்கே பாறை கிடக்கிறது, மூன்று படிக்கட்டு மாதிரி. அதற்குப் பெயர் இறங்குபாறை. எந்த ஜீப்பானாலும் அங்கே நிற்கும். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் இறங்கிவிடுவார்கள். டிரைவர் மட்டும் வண்டியை ஏற்றுவார். மற்றவர்கள் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்து மேலே போய் மறுபடி ஏறிக்கொள்வார்கள். போன வருடம் வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார்கூட அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஏப்ரல் 19, பெரிய சனி. ஈஸ்டருக்குச் சாமான் வாங்கிக்கொண்டு நானும் அமலியும் திரும்பினோம். வண்டி ஏறும் என்பதால் இறங்காமலே ஏற்றினேன். பின்பக்கம் காலி. ஸ்பிரிங் பட்டைகள் விறைப்பு. மூன்றாவது படியில் பின்பக்கம் எகிறி விழுந்தது. அமலி இறங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். என்ஜின் சத்தத்தில் என் காதில் விழவில்லை. டீசல் வண்டி, பேஸ் மாடல், உள்ளே சத்தத் தடுப்பு எதுவும் கிடையாது.

முடிவு: குறை வண்டியில்.

ஆகஸ்டு 9, சனி

வத்தலகுண்டு. அமலி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாற்பது நிமிடம் உட்கார முடிகிறதாம். போன மாதம் பதினைந்து. மொட்டைமாடியில் பத்துத் தொட்டிகளில் செடி வைத்திருக்கிறாள்.

"மலையில இடமில்லாமலா இங்க தொட்டியில வைக்கிற?" என்றேன்.

"இங்க இருக்கறப்ப இங்கதானங்க வைக்கணும்" என்றாள்.

பிறகு மெக்கானிக் சிக்கந்தர் பாயிடம் போனேன். டாப் எண்ட் வண்டியின் விளக்கப் புத்தகத்தைக் காட்டினேன். எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"சோக்கான வண்டி சார். ஆனா உங்க வண்டியையே நான் இது மாதிரி ஆக்கிருவேன். டயரு, ஷாக் அப்சர்பரு, அடியில ஒரு தகடு, பின்னாடி ஒரு பட்டை கூட. என்ன, கண்ணாடிய மட்டும் கையாலதான் சுத்தணும்."

"முதுகு வலிக்காம போகணும் பாய். அதான் எனக்கு முக்கியம்."

"உங்களுக்கா சார் வலி?"

"வீட்ல."

அவர் புத்தகத்தை மூடிவிட்டார். "பட்டை கூடப் போட்டா லோடு தாங்கும் சார். முதுகு தாங்குமான்னு நான் சொல்லமாட்டேன். இது மூட்டைக்குன்னு செஞ்ச வண்டி, மூட்டை இல்லைன்னா குதிக்கத்தான் செய்யும்" என்றார். தொழில் தெரிந்தவர்தான், ஆனால் கணக்காகப் பேசுகிறவர் இல்லை. பட்டையும் போடச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்டு 10, ஞாயிறு

காட்டுமாடு கிழக்கு வேலியை உடைத்துவிட்டது. நாற்பது வாழை போச்சு.

ஆகஸ்டு 16, சனி

மழை 11 மி.மீ.

வேலை செய்வதற்கு முன்னும் பின்னும் அளக்காவிட்டால் தேறியதா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஆகவே சோதனை முறை ஒன்று வகுத்தேன்.

மருத்துவமனைச் சீட்டில் அமலியின் எடை 54 கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டு, மேலே நாலு கிலோ துவரம்பருப்பு. இவற்றை இடப்பக்க சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினேன். மூட்டையின் மேல் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் எவர்சில்வர் டம்ளர், டம்ளரில் 200 மில்லி தண்ணீர். சிந்துவது கிண்ணத்தில் சேரும். மழை அளக்கிற கண்ணாடிக் குழாயாலேயே அதையும் அளந்துகொள்ளலாம்.

மேஸ்திரி மொக்கைச்சாமியைப் பின் சீட்டில் உட்காரவைத்தேன். பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் வந்தவர், "ஐயா, அரிசிக்கு எதுக்கு பெல்ட்டு?" என்றார்.

"சோதனை."

"அரிசியையா சோதிக்கிறீங்க?"

இறங்குபாறை வந்ததும் பழக்கத்தில் கதவைத் திறக்கப் போனார். உட்காரச் சொன்னேன்.

முடிவு: நாலு கிலோமீட்டரில் மொத்தம் சிந்தியது 140 மில்லி. அதில் இறங்குபாறையில் மட்டும் 95. துவரம்பருப்புப் பை காலடியில் கிடந்தது.

ஆகஸ்டு 23, சனி

இன்று சத்தம். செல்போனில் சத்தம் அளக்கிற செயலி ஒன்று இருக்கிறது. தார் ரோட்டில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் 74 டெசிபல். மண்பாதையில் 70.

இறங்குபாறையில் லோ ரேஞ்ச் போட வேண்டும், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற கியர். அதற்கு வண்டியை முழுதாக நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, குமிழைத் திருப்பி, விளக்கு எரியும்வரை பொறுக்க வேண்டும். ஏறக்குறைய அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் உள்ளே சத்தம் 51.

ஜெயராணி வீட்டுக் கூடத்தில் நாலு பேர் சாதாரணமாகப் பேசும்போது அளந்திருக்கிறேன். 62.

போனில் ஏதோ கோளாறு இருக்கலாம். மறுபடி அளக்க வேண்டும்.

ஆகஸ்டு 30, சனி

எல்லாம் மாட்டியாகிவிட்டது. காட்டுப்பாதை டயர் நாலு, புது ஷாக் அப்சர்பர், அடித்தகடு, பின்பக்கம் கூடுதல் பட்டை, கதவுகளிலும் தரையிலும் சத்தம் தடுக்கிற ரப்பர் விரிப்பு. வண்டி இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கிறது. பார்க்க டாப் எண்டுக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. தாண்டிக்குடிக் கடைவீதியில் இரண்டு பேர் விலை கேட்டார்கள்.

சோதனை: மொத்தம் சிந்தியது 163 மில்லி. இறங்குபாறையில் 120.

கூடிவிட்டது.

செப்டம்பர் 6, சனி

வத்தலகுண்டு. மொக்கைச்சாமி சந்தைக்கு வந்தபோது ஜெயராணியிடம் உளறியிருக்கிறார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அமலி ஆரம்பித்துவிட்டாள்.

"என்னைய அரிசி மூட்டையாக்கிட்டீங்களாமே?"

"எடைக்கு."

"பருப்பு வேறயாம்."

"அது நாலு கிலோ."

அவள் சிரித்தாள். சிரித்தால் முதுகு வலிக்கும், அதனால் விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மூட்டை எதாச்சும் சொல்லுச்சாங்க?" என்று கேட்டாள்.

"மூட்டை என்ன சொல்லும்?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட எழுந்து போனாள். தொட்டிகள் பன்னிரண்டு.

செப்டம்பர் 8, திங்கள்

மழை 6 மி.மீ.

கூடுதல் பட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டேன். "சரிங்க சார்" என்றார் சிக்கந்தர் பாய். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லாதது அவருடைய பெரிய மனசு.

மொக்கைச்சாமி யோசனைப்படி பின்பக்கம் நாலு மூட்டை மணல் போட்டேன். பழைய ஜீப் டிரைவர்கள் எல்லாம் செய்வார்களாம். வண்டி அமர்ந்து போகிறது. மொத்தம் 88. இறங்குபாறையில் 61.

நல்ல முன்னேற்றம். ஆனால் 61.

செப்டம்பர் 20, சனி

மழை 9 மி.மீ.

டயர் காற்றைக் குறைத்து ஒரு சோதனை, வேகத்தைக் குறைத்து ஒரு சோதனை. இறங்குபாறையில் 58, 55. இதற்குக் கீழே இறங்கவில்லை. அந்த மூன்றாவது படி முழங்கால் உயரம். எந்த ஸ்பிரிங்காக இருந்தாலும் அவ்வளவு உயரம் ஏறித்தான் விழ வேண்டும்.

மூன்றாம் முறை போகும்போது, லோ ரேஞ்ச் போட நிறுத்தினேன். பின்னாலிருந்து மொக்கைச்சாமி எட்டி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"எங்க போறீங்க?"

"நீங்க ஏத்துங்கய்யா. நான் மேல வந்துர்றேன்."

காப்பிச் செடிகளுக்குள் நுழைந்து போய்விட்டார். நான் அரிசி மூட்டையோடு வண்டியை ஏற்றி மேலே நிறுத்தினேன். ஆறு நிமிடத்தில் ஒற்றையடிப் பாதையிலிருந்து வந்தார். டம்ளரை நீட்டினார். அளந்தேன். 200.

"சொட்டுக்கூடச் சிந்தலைங்கய்யா" என்றார். குரலில் கிண்டல் இல்லை. எனக்கு உதவி செய்துவிட்டதாகவே நினைத்தார்.

இந்தச் சோதனை செல்லாது. டம்ளர் வண்டியில் இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. வேலி கட்டினேன்.

அக்டோபர் 4, சனி

மதுரையில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு கூடிவிட்டது. பெல்ட்டை வெளியே போகும்போது மட்டும் கட்டினால் போதும். நடப்பது நல்லது, எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம். குலுங்கக் கூடாது.

"மலைக்குப் போலாமா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

அவர் அமலியைப் பார்த்து, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

"பாக்கலாம் டாக்டர்" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது சொன்னேன், அடுத்த சனிக்கிழமை டாப் எண்ட் வண்டியைப் பார்க்கப் போகலாம், அவளே உட்கார்ந்து பார்க்கட்டும், அவளுக்குப் பிடித்தால் முன்பணம் கட்டிவிடலாம் என்று. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

அக்டோபர் 11, சனி

மதுரை. ஷோரூம். முன்பணத்துக்குச் செக் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

உண்மையிலேயே அருமையான வண்டி. குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்பக்கம் பட்டை கிடையாது, சுருள் ஸ்பிரிங். மணல், சேறு, பாறை என்று தனித்தனிப் பொத்தான்கள். வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று காட்டக் கேமரா. ஷோரூமுக்குப் பின்னால் மண்ணும் கல்லும் கொட்டி ஒரு மேடு செய்து வைத்திருக்கிறார்கள். விற்பனைப் பையன் பின்னால் ஏறிக்கொண்டான். நான் ஓட்டினேன். அமலி இடப்பக்கம்.

மேட்டில் ஏறி இறங்கினோம். அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். வலியில்லை.

"உள்ள எவ்ளோ அமைதியா இருக்கு பாருங்க மேடம்" என்றான் பையன். "வெளிச்சத்தமே வராது. நீங்க முணுமுணுத்தாக்கூட சார் காதுல விழும்."

அமலி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். "தம்பி, ஒரு சந்தேகம். பக்கத்துல உக்காந்திருக்கவங்க நிறுத்துங்கன்னு சொன்னா நிக்கிறதுக்கு இதுல எதாச்சும் இருக்கா?"

"தானா நிக்கிற பிரேக் இருக்கு மேடம். முன்னாடி ஆள் வந்தா சட்டுன்னு நின்னுரும்."

"முன்னாடி இல்ல தம்பி. பக்கத்துல."

பையன் அதை ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தான். அவளும் லேசாகச் சிரித்தாள். நான் திரையில் டயர் காற்றழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு டயரிலும் 33.

செக்கைக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று பையன் கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை 31 மி.மீ.

அக்டோபர் 13, திங்கள்

மழை 22 மி.மீ. ஆட்கள் வரவில்லை. வீட்டில் நான் மட்டும்.

ஆகஸ்டு 5-ம் தேதி எழுதிய அறிக்கை தவறு. வாரியத்தில் தவறான அறிக்கையை அடிக்கக் கூடாது, திருத்தம் தனியாக எழுதி அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே இது.

ஏப்ரல் 19. இறங்குபாறையில் லோ ரேஞ்ச் போட நிறுத்தினேன். அமலி மடியில் முட்டை அட்டை. "இருங்க, இறங்கிக்கிறேன்" என்றாள். நான், "உக்காரு, இது ஒண்ணும் ஜீப் இல்ல" என்றேன். பதில் சொன்னவன் காதில் எப்படி விழாமல் இருக்கும்? கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு மறுபடி, "எனக்குப் பயமா இருக்குங்க, இறங்கிக்கிறேன்" என்றாள். விளக்கு எரிந்துவிட்டது. நான் கிளட்ச்சை விட்டேன். முதல் படியில் ஏறும்போது மூன்றாவது தடவை, "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் பின்னால் வழுக்கும், மறுபடி கீழிருந்து ஏற்ற வேண்டும், அது வண்டிக்கு அவமானம் என்று நினைத்தேன். ஆக்சிலரேட்டரை இன்னும் மிதித்தேன்.

பின்பக்கம் எகிறி விழுந்தபோது அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதுவும் காதில் விழுந்தது. இருந்தும் மேலே போய் நிறுத்திவிட்டு முதலில் நான் சொன்ன வார்த்தை, "ஏறிருச்சு பாத்தியா?"

முட்டை ஒன்றுகூட உடையவில்லை. அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டபோது வண்டி தூக்கிப் போட்டுவிட்டது என்று சொன்னேன். அமலி பக்கத்தில் படுத்திருந்தாள். ஜெயராணியிடமும் அதையே சொன்னேன், அமலி சொன்னது என் காதில் விழவில்லை என்பதையும் சேர்த்து. ஆறு மாதமாக எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் ஒரு தடவைகூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அவள் சும்மா இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

முடிவு: குறை வண்டியில் இல்லை.

மா. சேசுராஜ்.

அக்டோபர் 18, சனி

வத்தலகுண்டு. அவளிடம் சொல்லிவிடுவது என்று போனேன். ஜெயராணி வீட்டில் அவள் மாமியார் வழி ஆட்கள் ஏழு பேர். டயரைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். தொட்டிகள் பதினாறு.

அக்டோபர் 29, புதன்

மழை 94 மி.மீ. இரண்டாவது கிலோமீட்டரில் மண் சரிந்து பாதை அடைத்துவிட்டது. டாப் எண்ட் வைத்திருந்தாலும் அந்தப் பக்கம்தான் நின்றிருக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

பாதை இன்னும் திறக்கவில்லை. மேட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால்தான் போனில் சிக்னல். ஏறிப் பேசினேன்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"சாப்பிட்டேன். டாப் எண்ட் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏங்க? நல்லாத்தான இருந்துச்சு."

"நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் காத்திருந்தாள். காற்று அடித்தது. இப்படிப்பட்ட விஷயத்தைத் தொட்டிமேல் நின்று கத்திச் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "ஒத்தைக்கால்ல நின்னு பேசாதீங்க, இறங்குங்க" என்றாள். நான் ஒற்றைக்காலில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

நவம்பர் 22, சனி

மழை இல்லை. பாதை திறந்துவிட்டது.

ஆயில் மாற்ற சிக்கந்தர் பாயிடம் விட்டிருந்தேன். எடுக்கப் போனபோது இடப்பக்கக் கதவுக்குக் கீழே அகலமாக ஒரு இரும்புப் படி பற்றவைத்திருந்தார். சொரசொரப்பான தகடு, கால் வழுக்காது. கதவோரத் தூணில் கறுப்பு ரப்பர் சுற்றிய கைப்பிடி ஒன்று.

"நான் கேக்கலையே பாய்."

"அம்மா போன் பண்ணாங்க சார். கால் வைக்க ஒரு படி, பிடிச்சுக்க ஒரு பிடி, வேற ஒண்ணும் வேணாம்னாங்க."

"ஏறுறதுக்கா?"

"இறங்குறதுக்குன்னு சொன்னாங்க" என்றார் பாய், கையைத் துடைத்துக்கொண்டே. "படி அளவுகூட அவங்களே சொன்னாங்க. தரையிலருந்து பத்து அங்குலம்."

வண்டிக்கு இதுவரை செய்த வேலைகளில் நான் சொல்லாமல் நடந்தது இது ஒன்றுதான்.

டிசம்பர் 5, வெள்ளி

வீடு கூட்டினேன். மெத்தைக்கு அடியில் பலகை போட்டேன். மொக்கைச்சாமியின் மனைவி ஒற்றையடிப் பாதையில் செடி வெட்டிவிட்டாள். நான் சொல்லவில்லை.

டிசம்பர் 6, சனி

மழை இல்லை.

காலை ஒன்பதரைக்கு வத்தலகுண்டில் கிளம்பினோம். "ஒரு வாரத்துக்கு வர்றேன். அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லியிருந்தாள். பதினாறு தொட்டிகளில் நாலு மட்டும் வண்டியில், மணல் மூட்டைகளுக்கு நடுவே. மீதி பன்னிரண்டும் ஜெயராணி மாடியில் இருக்கின்றன.

வழியில் சித்தரேவில் ஒரு காப்பி. மலை ஏற ஆரம்பித்ததும் அவள் கண்ணாடியைச் சுற்றி இறக்கினாள். மண்பாதையில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போனேன். ஒவ்வொரு குழிக்கும் அவள் கை சீட்டை அழுத்துவதை நான் பார்க்காமல் பார்த்தேன்.

இறங்குபாறை. நிறுத்தினேன். நியூட்ரல், கைபிரேக். பிறகு சாவியைத் திருப்பி என்ஜினையும் அணைத்தேன். லோ ரேஞ்ச் போட என்ஜினை அணைக்க வேண்டியதில்லை. அவளுக்கும் அது தெரியும்.

"என்னங்க, ஏறாதா?"

"ஏறும்."

"அப்புறம் ஏன் நிறுத்திட்டீங்க?"

"நீ இறங்கணும்னு சொன்ன."

"இப்ப நான் ஒண்ணும் சொல்லலையே."

"ஏப்ரல்ல சொன்ன. மூணு தடவை." கண்ணாடி வழியாக நேரே பாறையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "மூணும் என் காதுல விழுந்துச்சு அமலி. விழலைன்னு எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

எங்கோ மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. அழுதாளா என்று தெரியாது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள் கடைசியில். "நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

கதவைத் திறந்தாள். கைப்பிடியைப் பிடித்து, படியில் ஒரு கால் வைத்து, மறு காலைத் தரையில் வைத்தாள். நானும் இறங்கி வந்து கூட நடக்கட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க நடந்தா வண்டிய யாரு ஏத்துறது? போங்க. நான் மேல வந்து ஏறிக்கிறேன்."

செடி வெட்டிய பாதைக்குள் போனாள். நீலச் சேலை கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. நான் வண்டியை ஏற்றினேன். மூன்றாவது படியில் பின்பக்கம் எழுந்து விழுந்தது, தொட்டி ஒன்று மற்றொன்றில் இடித்தது. மேலே நிறுத்தி இடப்பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன்.

எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை.

செடிகளுக்குள்ளிருந்து வந்தாள். மூச்சு வாங்கியது. சேலையில் ஒட்டியிருந்த ஒட்டுப்புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டே வண்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏறிருச்சா?" என்றாள்.

"ஏறிருச்சு" என்றேன்.